செம்பருத்தி: ஊரறியாத ஒரு தோட்டச் செடியை அடையாளம் கண்ட வரலாறு

செம்பருத்தி என்பது வெப்ப நாடுகளின் வீட்டுத் தோட்டங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் வளர்க்கப்படும் சிவப்புப் பூச்செடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். இப்பெயரின் பிற்பகுதிக்குச் 'சீன ரோஜா' என்று பொருள். இது செம்பரத்தை எனவும், யாழ்ப்பாணப் பகுதியில் செவ்வரத்தை எனவும் வழங்கப்படுகிறது. இலங்கையில் சப்பாத்துப்பூ என்ற பெயரும் உண்டு. இதன் இதழ்களைக் கொண்டு காலணிகளுக்கு மெருகேற்றியதால் அப்பெயர் வந்தது.

பள்ளி மாணவர் அனைவரும் பிரித்துப் பார்த்துப் படிக்கும் பூ இது. ஆயினும் இச்செடி எந்த நாட்டுக்கு உரியது என்ற கேள்விக்கு நெடுங்காலம் சரியான விடை கிடைக்கவில்லை. சீனம் என்று ஒரு சாராரும், இந்தியா என்று மற்றொரு சாராரும், ஜாவா என்று வேறு சிலரும் கூறிவந்தனர். இம்மூன்று இடங்களிலும் இச்செடி காட்டில் தானாக வளர்வதைக் கண்டவர் இல்லை. அண்மைக் கால ஆய்வுகள் இதன் பெற்றோரைப் பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் கண்டுள்ளன. பெயரை நம்பி ஊரைத் தேடியவர்கள் வழிதவறினர். செடியின் உடலையும் உறவையும் பார்த்தவர்களே விடைக்கு அருகில் வந்தனர். அந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

செடியை அறியும் முறை

செம்பருத்தி மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்தி, வெண்டை, துத்தி, புளிச்சக்கீரை, பூவரசு ஆகியவை இதே குடும்பத்துச் செடிகள். இக்குடும்பத்தின் அடையாளம் பூவின் நடுவில் உள்ளது. எண்ணற்ற மகரந்தத்தாள்கள் தனித்தனியே நிற்காமல் ஒரே குழாயாக இணைந்து, சூல்தண்டைச் சுற்றி உறைபோல் அமைகின்றன. இதனைப் பாடநூல்கள் ஒருகற்றை மகரந்தத்தாள்கள் என்கின்றன. பச்சை நிறப் புல்லி வட்டத்திற்கு வெளியே மேலும் ஒரு சிறிய புறப்புல்லி வட்டமும் இருக்கும்.

செம்பருத்தியை இக்குடும்பத்தின் பிற செடிகளிலிருந்து பிரித்தறிய மூன்று குறிகள் உதவும். இலை பளபளப்பாகவும் முட்டை வடிவிலும் ஓரத்தில் பற்களுடனும் இருக்கும், விரல்கள்போல் பிளவுபடாது. பூவின் ஐந்து இதழ்களும் நன்றாக விரியும். மகரந்தக் குழாய் இதழ்களைத் தாண்டி நீண்டு, வெளியே தெரியும்படி நிற்கும். அதன் நுனியில் சூல்முடி ஐந்து சிறு கிளைகளாகப் பிரியும்.

தோட்டங்களில் இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் செடிகள் சில உண்டு. சிவப்பு இதழ்கள் விரியாமல் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு, மொட்டுப் போலவே தொங்கும் செடி மால்வாவிஸ்கஸ் என்னும் வேறு பேரினம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கி, இதழ்கள் நார்நாராகக் கிழிந்து பின்னோக்கி வளைந்திருப்பது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குரிய ஹைபிஸ்கஸ் ஷைசோபெட்டலஸ். காலையில் வெண்மையாக விரிந்து மாலைக்குள் சிவந்துவிடும் பூவும், பிளவுபட்ட அகன்ற இலைகளும் உடையது ஹைபிஸ்கஸ் மியூட்டாபிலிஸ். இந்த நிறம் மாறும் செடி இவ்வரலாற்றில் பின்னரும் வரும்.

பருத்தி என்னும் பெயர்

தமிழில் செம்பருத்தி என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் சிவந்த பருத்தி என்பதே. சிவந்த பூப்பூக்கும் பருத்திச் செடிக்கும் இப்பெயர் உண்டு. எனவே பழைய நூல் ஒன்றில் செம்பருத்தி என்ற சொல் காணப்பட்டால், அது பஞ்சு தரும் செடியா, பூச்செடியா என்பதை இடம் நோக்கியே முடிவு செய்ய வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் செடியும் ஒன்றாகிவிடாது.

சங்க இலக்கியத்தில் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைப் பட்டியலிடுகிறது. காந்தள், வெட்சி, தோன்றி, பலாசம் எனச் சிவந்த பூக்கள் பல அதில் உள்ளன. பாரம் என்ற பெயரில் பருத்திப்பூவும் இடம்பெறுகிறது. ஆனால் செம்பருத்தி அப்பட்டியலில் இல்லை. ஒரு பட்டியலில் இல்லை என்பது மட்டுமே ஒரு செடி நாட்டில் இல்லை என்பதற்குச் சான்றாகாது. எனினும் ஆண்டு முழுவதும் கண்ணைக் கவரும் சிவப்பில் பூக்கும் செடி அக்காலத் தமிழகத்தின் வேலிகளில் இருந்திருந்தால், இவ்வளவு நீண்ட பட்டியலில் அது விடுபட்டது ஏன் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

பருத்தி என்ற சொல் செடியின் ஊரைக் காட்டவில்லை. ஆனால் அதன் உறவைச் சரியாகக் காட்டுகிறது. மலபார்க் கரையில் 17 ஆம் நூற்றாண்டில் பதிவான பெயர்களைப் பார்த்தால் இது விளங்கும். அங்கு பூவரசு 'பூப்பரிதி' எனவும், கழிமுகங்களில் வளரும் நீர்ப்பருத்தி 'தாலிப்பரிதி' எனவும், செம்பருத்தி 'செம்பரிதி' எனவும் பதிவு செய்யப்பட்டன. பஞ்சு தரும் செடிக்கும் பரிதி என்ற ஈற்றுடனேயே பெயர் இருந்தது. இவை யாவும் இன்று தாவரவியலார் ஒரே குடும்பத்தில் வைக்கும் செடிகள். பூவின் அமைப்பைக் கண்ணால் கண்டே ஊர்மக்கள் இவ்வுறவை அறிந்திருந்தனர்.

மலபார், அம்போன், டான்சிக்

மேற்கண்ட பெயர்களைப் பதிவு செய்த நூல் ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு இதனைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மலையாள வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி அந்தணர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோர் செடிகளின் பெயர்களையும் பயன்களையும் கூறினர். செம்பருத்தியின் படம் 1679 இல் வந்த இரண்டாம் தொகுதியில், புதர்ச்செடிகளுக்கு நடுவே உள்ளது. உள்ளூர் வைத்தியர்களின் சொற்களை அச்சிட்ட நூலாதலால், அக்காலத்தில் இச்செடி மலபாரில் நன்கு பழகியதாக இருந்தது என்று அறியலாம். ஆனால் பழகியது என்பதும் பிறந்தது என்பதும் ஒன்றல்ல.

ஏறத்தாழ அதே காலத்தில், இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் ரம்ஃபியஸ் என்னும் அறிஞர் அப்பகுதித் தாவரங்களைப் பற்றி எழுதிவந்தார். 1670 இல் பார்வை இழந்தபின்னும், 1687 இல் தீ விபத்தில் படங்களை இழந்தபின்னும் அவர் பணியை விடவில்லை. 1702 இல் அவர் இறந்தார். அவருடைய நூல் 1741 முதலே அச்சாகத் தொடங்கியது. அவர் செம்பருத்திக்கு இலத்தீனில் 'பண்டிகைப் பூ' என்ற பொருளில் பெயர் சூட்டினார். மலாய் மொழியின் 'புங்கா ராயா' என்ற பெயரின் பொருளை ஒட்டியது அது. இன்று மலேசியாவின் தேசிய மலர் இதுவே; 1960 இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது.

ஐரோப்பாவில் டான்சிக் நகர வணிகர் ஜேக்கப் பிரைன் 1678 இல் வெளியிட்ட அயல்நாட்டுத் தாவர நூலிலும் இச்செடி உண்டு. அவர் இதனை ஜாவாவைச் சேர்ந்த, சிவந்த அடுக்குப் பூவுடைய மரச்செடி என்று குறித்தார். அடுக்குப் பூ என்பது கவனிக்கத்தக்கது. மகரந்தத்தாள்கள் இதழ்களாக மாறுவதால் அடுக்குப் பூ உண்டாகிறது. இயற்கையில் அரிதாகத் தோன்றும் இம்மாற்றத்தை மனிதர் கண்டு, குச்சி ஒடித்து நட்டுக் காப்பாற்றினால்தான் அது நிலைக்கும். எனவே 1678 க்கு முன்பே ஆசியத் தோட்டங்களில் இச்செடிக்கு நீண்ட வளர்ப்பு வரலாறு இருந்திருக்கிறது.

சீன ரோஜா என்ற பெயர் வந்த வழி

சீன ரோஜா என்ற தொடரை 1633 இலேயே ரோமாபுரியில் காணலாம். ஜியோவன்னி பத்திஸ்தா ஃபெர்ராரி என்னும் சேசு சபைத் துறவி பூச்செடி வளர்ப்புப் பற்றி அவ்வாண்டில் வெளியிட்ட நூலில் 'ரோசா சைனென்சிஸ்' என்ற பெயரில் ஒரு செடியை விளக்கினார். அதன் விதையை நுண்ணோக்கி வழியே பார்த்து வரைந்த படத்தையும் சேர்த்தார். அச்சில் வந்த முதல் நுண்ணோக்கித் தாவரப் படங்களுள் அது ஒன்று. ஆனால் அச்செடி செம்பருத்தி அன்று. காலையில் வெளுத்து மாலையில் சிவக்கும் ஹைபிஸ்கஸ் மியூட்டாபிலிஸ். அது உண்மையிலேயே சீனத்துக்குரிய செடி.

1753 இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் தம் 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' நூலில் உலகத் தாவரங்களுக்கு இருசொற் பெயர்களைச் சூட்டினார். நிறம் மாறும் செடிக்கு மியூட்டாபிலிஸ் என்ற பெயரை வைத்தார். சீன ரோஜா என்ற பெயர் செம்பருத்திக்கு வந்து சேர்ந்தது. வியப்பு என்னவெனில், பெயரில் சீனம் இருந்தும் வாழிடம் என்ற இடத்தில் அவர் குறித்தது இந்தியா. அக்கால ஐரோப்பியருக்கு இந்தியா என்ற சொல் கிழக்கே உள்ள பல நாடுகளையும் அடக்கியது. ஆகவே ஒரே பதிவில் பெயர் ஓர் ஊரையும், வாழிடக் குறிப்பு மற்றோர் ஊரையும் காட்டின.

இதே நூலில் மற்றொரு செடியின் நிலையும் இவ்வாறே. கொரிய நாட்டின் தேசிய மலராகப் போற்றப்படும் ஹைபிஸ்கஸ் சிரியாகஸ் என்ற செடிக்குச் சிரியா நாட்டின் பெயர் அமைந்தது. உண்மையில் அது சீனத்துக்குரியது. ஆக, சீனத்துச் செடி சிரியாவின் பெயரையும், சீனத்தில் பிறவாத செடி சீனத்தின் பெயரையும் சுமக்கின்றன. தாவரவியல் விதிப்படி முதலில் முறையாகச் சூட்டிய பெயரைப் பொருள் தவறு என்பதற்காக மாற்ற இயலாது. பெயர் ஓர் அடையாளக் குறி மட்டுமே. அது பிறப்புச் சான்றிதழ் அன்று.

சீனத்துச் சான்று

பெயரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் சீனத்தில் செம்பருத்திக்குப் பழமை உண்டு. சீன மொழியில் இதன் பெயர் சூஜின்; ஃபூசாங் என்றும் கூறுவர். ஃபூசாங் என்பது சீனத் தொன்மங்களில் சூரியன் உதிக்கும் கீழ்த்திசையில் நிற்கும் மரத்தின் பெயர். தென்பகுதித் தாவரங்களைப் பற்றிய 'நான்ஃபாங் சாவோமு சுவாங்' என்ற நூல் இச்செடியை நன்றாக விவரிக்கிறது. ஆழ்சிவப்புப் பூ, ஐந்து இதழ், இதழைவிட நீண்டு பொன்துகள் ஒட்டியதுபோல் தோன்றும் தண்டு, காலையில் விரிந்து மாலையில் உதிரும் இயல்பு, கிளையை ஒடித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும் தன்மை ஆகிய அனைத்தையும் அது கூறுகிறது.

இது பெயரை மட்டும் கூறும் சான்று அன்று. செடியின் உடலைக் கூறும் சான்று. நீண்ட மகரந்தக் குழாயும் குச்சி நட்டு வளர்த்தலும் செம்பருத்திக்கே பொருந்துகின்றன. விதை பற்றிய பேச்சு இல்லாமல் கிளை நடுவது பற்றிப் பேசியிருப்பதால், அப்போதே அது தோட்டச் செடியாக இருந்தது என்பது தெளிவு.

நூலின் காலமே சிக்கலானது. மரபுப்படி இது பொ.ஆ. 304 இல் ஜி ஹான் என்பவர் எழுதியது. ஆனால் இப்போது கிடைக்கும் வடிவம் சோங் அரச மரபின் காலத்தில் (960–1279) பழைய நூல்களிலிருந்து திரட்டப்பட்டது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இவ்விரண்டு காலங்களுக்கும் இடையே பல நூற்றாண்டு வேறுபாடு உள்ளது. பின்னர்க் காணப்போகும் பசிபிக் விடைக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

வடமொழிச் சான்று

வடமொழியில் ஜபா என்ற சிவந்த பூ பேசப்படுகிறது. வங்காளத்தில் இன்று செம்பருத்திக்கு ஜபா என்றே பெயர். காளி வழிபாட்டில் அது முதன்மையானது. வேதாந்தம், சாங்கியம் ஆகிய தத்துவ நூல்களில் பளிங்கின் அருகே வைத்த ஜபாப்பூ பளிங்கைச் சிவப்பாகக் காட்டுவது புகழ்பெற்ற உவமை. காளிதாசரின் மேகதூதத்திலும் மாலை வானின் செம்மைக்கு ஜபாப்பூ உவமையாகிறது.

இவ்விடங்களில் பூவின் நிறம் தவிர வேறு குறி எதுவும் கூறப்படவில்லை. இதழ் எத்தனை, தண்டு நீண்டதா, செடியா மரமா என்பவை இல்லை. சிவப்பு என்ற ஒரே பண்பு பல செடிகளுக்குப் பொருந்தும். பின்னாளில் வந்த அழகிய பூ ஒன்று பழைய பெயரை எடுத்துக்கொள்வதும் இயல்பே. தமிழில் பருத்தியின் பெயரைச் செம்பருத்தி எடுத்துக்கொண்டது இதற்கு எடுத்துக்காட்டு. ஆகவே ஜபா என்ற சொல்லின் பழமையைக் கொண்டு செம்பருத்தியின் பழமையை அளக்க முடியாது.

காட்டில் இல்லாத செடி

ஒரு செடியின் சொந்த ஊரை அறியத் தாவரவியலார் கேட்கும் முதற்கேள்வி, அது எங்கே மனிதர் துணையின்றி விதையால் பெருகி வாழ்கிறது என்பதாகும். செம்பருத்தி இக்கேள்விக்கு எங்கும் விடை தரவில்லை. சீனத்திலும் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் அது வீடு, கோயில், வேலி ஆகியவற்றின் அருகிலேயே உள்ளது.

நம் தோட்டங்களில் உள்ள பழைய சிவப்புச் செம்பருத்தியைக் கவனித்தால் இதன் காரணம் தெரியும். நாள்தோறும் பூக்கிறது, ஆனால் காய் காண்பது மிக அரிது. வெண்டையும் பருத்தியும் பூத்த சில நாட்களில் காய்க்கின்றன. அதே குடும்பத்துச் செம்பருத்தியோ பூவை உதிர்த்துவிட்டு நிற்கிறது. அதனால்தான் தோட்டக்காரர் யாவரும் குச்சி நட்டே இதனைப் பெருக்குகின்றனர். குரோமோசோம் எண்ணிக்கையும் வகைக்கு வகை வேறுபடுகிறது. விதை பிடிக்காமையும் இவ்வேறுபாடும் இது பல இனங்கள் கலந்த கலப்பினம் என்பதற்கான அறிகுறிகள். கலப்பினத்திற்குக் காட்டில் ஊர் தேடிப் பயனில்லை. அதன் பெற்றோரைத்தான் தேட வேண்டும்.

தீவுகளில் வாழும் உறவினர்

பளபளப்பான இலையும் நீண்ட மகரந்தக் குழாயும் உடைய செம்பருத்தியின் நெருங்கிய உறவினரை 'லிலிபிஸ்கஸ்' என்ற பிரிவில் வைப்பர். சுவிட்சர்லாந்தின் ஓக்ரூட்டினர் 1900 இல் ஹைபிஸ்கஸ் பேரினத்தை வகைப்படுத்தியபோது அமைத்த பிரிவு இது. இப்பிரிவின் காட்டு இனங்கள் வாழும் இடங்களை வரைபடத்தில் குறித்தால் ஓர் உண்மை புலப்படும்.

இந்தியப் பெருங்கடலில் மொரீசியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் தீவுகளிலும் மடகாஸ்கரிலும் சில இனங்கள் உள்ளன. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இதழ் கிழிந்த ஷைசோபெட்டலஸ் உள்ளது. சான்சிபாரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜான் கிர்க் 1870களில் அதனை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். முதலில் அதனைச் செம்பருத்தியின் ஒரு வகை என்றே எண்ணினர். பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளில் கொக்கியோ, கிளேயி, ஆர்னோட்டியானஸ் முதலிய இனங்கள் உள்ளன. பிஜித் தீவுகளுக்கு 1860 இல் சென்ற பெர்த்தோல்டு சீமன் அங்குக் கண்ட ஓர் இனத்திற்குத் தம் உதவியாளர் ஸ்டார்க்கின் பெயரைச் சூட்டினார்.

இந்தியாவிலும் சீனத்திலும் இப்பிரிவின் காட்டு இனம் ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பியர் எல்லாரும் கடல் தீவுகளில் இருக்க, ஒருவர் மட்டும் ஆசிய நிலப்பரப்பில் தோன்றியிருப்பார் என்பது பொருந்தவில்லை. ஆனாலும் பெயரின் செல்வாக்கினால் சீனம் என்ற விடையே நூல்களில் தொடர்ந்தது.

இவ்வினங்கள் தமக்குள் எளிதில் கலக்கும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. மொரீசியசில் சார்லஸ் டெல்ஃபேர் 1820 அளவில் அத்தீவுப்பகுதியின் இனத்தையும் செம்பருத்தியையும் கலந்து புதிய செடிகளை உருவாக்கினார். ஹவாயில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலப்பு வேலை பெரிதாக நடந்தது. அங்குள்ள வேளாண் ஆய்வு நிலையம் 1913 இல் ஹவாயின் அழகுச் செம்பருத்திகளைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இன்று நாற்றுப் பண்ணைகளில் மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, ஊதா எனப் பல நிறங்களில் கிடைப்பவை இத்தகைய கலப்புகளின் வழிவந்தவை. எனவே இன்று கடையில் வாங்கும் செம்பருத்தியை ஒரே இனம் என்று கூறுவது கடினம்.

பசிபிக் விடை

அண்மை ஆண்டுகளில் லெக்ஸ் தாம்சன், லூக்கா பிராக்லியா ஆகியோரும் அவர்களுடன் உழைத்த ஆய்வாளர்களும் பசிபிக் தீவுகளின் இனங்களைச் செடியமைப்பாலும் மரபணுவாலும் ஒப்பிட்டுப் பார்த்தனர். அவர்கள் முடிவின்படி செம்பருத்தி இரண்டு இனங்களின் கலப்பு. ஒன்று வனுவாட்டுப் பகுதியைச் சேர்ந்த ஹைபிஸ்கஸ் கூப்பெரி. மற்றொன்று தாகித்தியைச் சேர்ந்த ஹைபிஸ்கஸ் கவுத்தே. ஐரோப்பியர் அக்கடலுக்கு வருமுன்னரே பொலினீசிய மக்களின் தோட்டங்களில் இக்கலப்பு நிகழ்ந்தது என்பது அவர்கள் கருத்து. எனவே இப்போது பெயரின் நடுவே கலப்பினத்தைக் குறிக்கும் பெருக்கல் குறியை இட்டு எழுதுவோரும் உண்டு.

வனுவாட்டுக்கும் தாகித்திக்கும் இடையே 4,000 கிலோமீட்டருக்கு மேல் கடல் உள்ளது. ஒரு செடியின் மகரந்தத்தைத் தேனியோ பறவையோ அவ்வளவு தொலைவு கொண்டு சேர்க்க முடியாது. இரண்டு செடிகளும் ஒரே தோட்டத்தில் நின்றால்தான் கலப்பு நிகழும். ஆகவே யாரோ ஒருவர் குச்சியை வாடாமல் பொதிந்து, படகில் ஏற்றி, இறங்கிய தீவில் நட்டிருக்க வேண்டும். பொலினீசியர் ஈரப்பலா, சேம்பு, வாழை, கரும்பு ஆகியவற்றைத் தம் படகுகளில் தீவுதோறும் கொண்டு சென்றது அறியப்பட்ட செய்தி. அவற்றுள் ஈரப்பலாவும் வாழையும் விதையின்றி வளர்க்கப்படுபவை. உணவுச் செடிகளோடு, காதில் செருகவும் மாலை கட்டவும் ஒரு பூச்செடிக்கும் படகில் இடம் தந்திருக்கின்றனர்.

பெயர்கள் செடி விட்டுச் செடி தாவும் என்பதற்கு அங்கும் ஒரு சான்று கிடைக்கிறது. தொங்காவில் கவுத்தே என்றும் சமோவாவில் அவுத்தே என்றும் செம்பருத்திக்குப் பெயர். நியூசிலாந்து மாவோரி மொழியில் அவுத்தே என்பது பட்டையை அடித்துத் துணி செய்யப் பயன்படும் காகித முசுக்கட்டை மரத்தைக் குறிக்கும். இங்கே பஞ்சு தரும் செடியின் பெயரும் பூச்செடியின் பெயரும் ஒன்றாக இருப்பதுபோல், அங்கே பட்டைத் துணி தரும் மரத்தின் பெயரும் பூச்செடியின் பெயரும் ஒத்து ஒலிக்கின்றன.

காலக்கணக்கில் எழும் சிக்கல்

பசிபிக் விடையில் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தொல்லியல் ஆய்வுகளின்படி பொலினீசியர் தாகித்தியில் குடியேறியது பொ.ஆ. 1000 ஐ ஒட்டிய காலம். தாகித்திச் செடி பெற்றோருள் ஒன்று எனின், கலப்பு அதற்குப் பின்னரே நிகழ்ந்திருக்க வேண்டும். சீன நூலின் குறிப்பு 304 ஆம் ஆண்டுக்குரியது எனின் இக்கணக்கு ஒத்துவராது. அந்நூல் சோங் காலத்துத் தொகுப்பு எனின் முரண்பாடு பெரிதும் குறைகிறது. ஆயினும் மிகக் குறுகிய காலத்தில் செடி தாகித்தியிலிருந்து தென்சீனம் வரை பயணம் செய்திருக்க வேண்டும்.

பழைய சீனக் குறிப்பு கலப்பினத்தைக் குறிக்காமல், மேற்குப் பசிபிக்கிலிருந்து கடலோடிகள் வழியே முன்னரே வந்த பெற்றோர் இனம் ஒன்றைக் குறித்திருக்கலாம் என்பதும் ஒரு வழி. அவ்வினமும் சிவந்த பூவும் நீண்ட தண்டும் உடையதே. ஆக, தாவரவியலார் தரும் மரபணு விடையும், சீன மொழி அறிஞர் தரும் நூற்காலமும் ஒன்றோடொன்று சரிபார்க்கப்பட வேண்டியவை. ஒரு பூச்செடியின் வரலாறு ஏட்டையும் செடியையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் முழுமை பெறும்.

எது உறுதி, எது அன்று என்பதை இவ்வாறு பிரித்துக் கூறலாம். செம்பருத்தி காட்டு இனம் அன்று; மனிதர் கையால் காக்கப்பட்ட செடி. அதன் நெருங்கிய உறவினர் இந்தியா, சீன நிலப்பரப்புக்கு வெளியே, பெரும்பாலும் தீவுகளில் வாழ்கின்றனர். சீனம் அதனைப் பழங்காலம் தொட்டு வளர்த்த நாடு. இம்மூன்றும் உறுதியானவை. கலப்பு நிகழ்ந்த காலமும், ஆசியாவுக்கு அது வந்த வழியும் ஆய்வில் உள்ளவை.

காட்டு உறவினரின் இன்றைய நிலை

அடையாளம் காணும் இம்முயற்சி ஏட்டளவில் நிற்பதன்று. தோட்டச் செம்பருத்தி உலகெங்கும் கோடிக்கணக்கில் பூக்கும் இந்நாளில், அதன் காட்டு உறவினர் பலர் அழிவின் விளிம்பில் உள்ளனர். ஹவாயின் கவாய் தீவுக்குரிய கிளேயி இனம் அமெரிக்க அரசின் அழியும் நிலைத் தாவரப் பட்டியலில் உள்ளது. ரோட்ரிக்ஸ் தீவின் லிலியிஃப்ளோரஸ் காட்டில் ஒருசில செடிகளாகக் குறைந்துவிட்டது. ஆடு மாடுகளின் மேய்ச்சலும், காடழிப்பும், அயல்நாட்டுக் களைகளும் இதற்குக் காரணங்கள்.

தோட்டச் செம்பருத்தியாலும் அவற்றுக்குத் தொல்லை உண்டு. மொரீசியசில் மலைமுகடுகளில் எஞ்சியுள்ள ஃபிராஜிலிஸ் என்ற இனத்திற்கு அருகில் தோட்டச் செம்பருத்தி வளர்ந்தால் இரண்டும் கலந்துவிடும் ஆபத்து உள்ளது. கலந்து பிறந்த செடிகள் பெருகினால் தூய காட்டு இனம் மறைந்துவிடும். அங்குள்ள காப்பாளருக்கு எது காட்டுச் செடி, எது தோட்டச் செடி, எது கலப்பு என்று இலையையும் பூவையும் பார்த்துப் பிரித்தறிவது அன்றாடத் தேவை. அடையாளம் தவறினால் பிடுங்க வேண்டியதைக் காத்து, காக்க வேண்டியதைப் பிடுங்கிவிட நேரும்.

செம்பருத்திக்குச் சீனத்தின் பெயரைச் சூட்டினார் ஒருவர். இந்தியா அதன் வாழிடம் என்று எழுதியவரும் அவரே. அதனை முதன்முதலில் படகில் ஏற்றிக் கொண்டுபோய்த் தீவில் நட்டவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் இச்செடி ஒன்றே. குச்சி நட்டு வளர்ப்பதால், ஒவ்வொரு செடியும் முந்தைய செடியின் தொடர்ச்சியாகவே வாழ்கிறது. வேலியோரத்துச் சிவப்புச் செம்பருத்தி ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் மாணவர், அதன் இதழையும் மகரந்தக் குழாயையும் எண்ணுவதோடு, அச்செடி ஏன் காய்ப்பதில்லை என்றும் கேட்டால், இந்நீண்ட பயணத்தின் தொடக்கத்திற்கே செல்லும் கேள்வியைக் கேட்டவர் ஆவார்.